என்ன நடந்தது என்று கேட்போம்

(மே 1, தொழிலாளரான புனித சூசையப்பர் நினைவு நாளில் வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. நற்செய்தி: மத்தேயு 13:54-58)



1955ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பயஸ் அவர்கள் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார்கள். அதுமுதல், உலகம் உழைப்பாளரை நினைக்கும் இந்த நாளில் நாமும் நாசரேத்தூரின் தச்சுப் பட்டறையை நினைத்துக்கொள்கிறோம். இந்த நாளுக்குத் திருஅவை தேர்ந்திருக்கும் நற்செய்தியைக் கவனித்தோமா? உழைப்பைப் புகழ்ந்து பேசும் பகுதி அல்ல அது. ஆண்டவர் இயேசு தம் சொந்த ஊர்த் தொழுகைக்கூடத்தில் கற்பிக்கிறார். கேட்டவர்கள் வியக்கிறார்கள். ஆனால் வியந்த அதே வாயால், இவன் அந்தத் தச்சனின் பிள்ளைதானே, இவன் குடும்பம் நமக்குத் தெரியாததா என்று இளக்காரமாகவும் பேசுகிறார்கள். அவர்களுக்கு நம்பிக்கை இல்லாததால் ஆண்டவர் அங்கே அதிகமான வல்ல செயல்களைச் செய்யவில்லை என்று மத்தேயு முடிக்கிறார்.

வளர்த்த தந்தையின் தொழிலைச் சொல்லி ஆண்டவரையே மட்டம் தட்டினார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒருமுறையாவது மட்டம் தட்டப்பட்டவர்கள் இன்றைய நற்செய்தியைத் தங்கள் கதையாகவே கேட்டிருப்பார்கள்.

அன்பார்ந்தவர்களே, அப்படி மனம் நொந்தவர்கள் இன்று அதை எங்கே போய்ச் சொல்கிறார்கள்? முன்பெல்லாம் வேலை முடிந்து வரும் வழியில் டீக்கடையிலோ, வீட்டுத் திண்ணையிலோ, கோவில் முற்றத்திலோ சொன்னோம். இன்று இரவு பதினோரு மணிக்கு, வீட்டார் தூங்கிய பிறகு, கைப்பேசியில் சொல்கிறோம். பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்ஆப் குழு, கல்லூரி விடுதித் தோழிகளின் குழு, முன்பு ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களின் குழு என்று நம் பங்கில் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று குழுக்களாவது இருக்கின்றன.

தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு மகளை நினைத்துக்கொள்வோம். இரவுப் பணி முடிந்தும் அடுத்த ஆள் வரவில்லை. பகல் பணியையும் சேர்த்துப் பார்க்கிறார். மருந்து கொடுக்கப் பத்து நிமிடம் தாமதமானதற்கு நோயாளியின் உறவினர் எல்லார் முன்னும் திட்டிவிடுகிறார். அந்த மகள் அழுவதற்குக்கூட இடமில்லாமல், குவைத்திலும் சென்னையிலும் இருக்கிற பழைய தோழிகளுக்கு எழுதுகிறார். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், எமிஸ் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதிலேயே பொழுது போய்விடுகிறது, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நேரமில்லை என்று வருந்துகிறார். வங்கியில் இருக்கும் தம்பிக்கு, இத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்தாக வேண்டும் என்ற டார்கெட். கிராமத்திலிருந்து மென்பொருள் நிறுவனத்துக்குப் போன பிள்ளைக்கு, மீட்டிங்கில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே தயக்கம். தனக்குப் பின் சேர்ந்தவன் மேலே போய்விட்டான்.

வேலை வேறு வேறாக இருந்தாலும், எழுதியதைக் கடைசிவரை படித்தால் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: நான் இதற்கு லாயக்கானவன்தானா, லாயக்கானவள்தானா?

குருக்களாகிய நாங்கள் கைப்பேசியைப் பற்றிப் பீடத்திலிருந்து கண்டித்துப் பலமுறை பேசியிருக்கிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் இன்று அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கைப்பேசியில்தான் கேட்டார். நாங்கள் அதைக் கேட்கத் தவறினோம்.

எங்களோடு குருமடத்தில் படித்துக் குருப்பட்டம் பெற்றவர்களுக்கும் ஒரு குழு உண்டு. பிறந்த நாள் வாழ்த்து, இறந்த பெற்றோருக்கான மன்றாட்டு, மாற்றல் செய்தி, பழைய குருமடக் கேலிகள் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் இரவு 11.40 மணிக்கு எங்கள் தோழர் ஒருவர் இரண்டு வரி எழுதினார். பட்டம் பெற்று 25 ஆண்டு ஆகிவிட்டது, நான் இந்தப் பணிக்குச் சரிப்பட்டவன்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். அதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். காலைக்குள் 23 பேர் போட்டுவிட்டோம். ஜெபிக்கிறேன் என்று சிலர் எழுதினோம். எனக்கும் இப்படித்தான் என்று சொல்லி ஒருவர் தம் பங்கின் கதையை ஆரம்பித்தார். பேச்சு அந்தக் கதைக்குப் போய்விட்டது. மதியத்துக்குள் யாருக்கோ பிறந்த நாள், கேக் படங்கள் வந்து அந்த இரண்டு வரி மேலே போய் மறைந்தது.

மூன்று நாள் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நான்காம் நாள் எங்களில் ஒருவருக்கு மனம் கேட்கவில்லை. மாலையில் பேருந்து ஏறி அவருடைய பங்குக்குப் போனார். கதவைத் திறந்த தோழர் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்ன முதல் வார்த்தை இது: "இருபத்து மூணு பேர் கையெடுத்துக் கும்பிட்டீங்க. என்னடே நடந்ததுன்னு ஒருத்தன்கூடக் கேக்கலியே."

இதை உங்களுக்குச் சொல்ல அவரே அனுமதி தந்தார். நடந்தது இதுதான். அன்று பிற்பகல் அவர் ஒரு சிறு குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். உடம்பிலும் மனத்திலும் தெம்பில்லை. மாலையில் பங்குப்பேரவைக் கூட்டம். கணக்கு வாசிக்கும்போது ஓர் இளைஞர் எழுந்து, போன சாமியார் கெபி கட்டினார், மண்டபம் கட்டினார், நான்கு வருடமாக நீங்கள் என்ன செய்தீர்கள், கணக்கையாவது ஒழுங்காக வைக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம்தான் அவரை அதிகம் நோகடித்தது. சாப்பிடாமல் படுத்தார். தூக்கம் வரவில்லை. கைப்பேசியை எடுத்தார்.

போனவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இருவருமாகக் கஞ்சியும் துவையலும் சாப்பிட்டார்கள். நள்ளிரவு தாண்டும்வரை ஒருவர் பேசினார், மற்றவர் கேட்டார். பிறகு தூங்கினார்கள். காலை ஆறு மணித் திருப்பலியை இருவரும் சேர்ந்து நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகு கணக்கு நோட்டை எடுத்து வரிவரியாகப் பார்த்தார்கள். உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. ஒரே செலவை இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். அடுத்த ஞாயிறு அவர் அதைத் திருத்தி, மக்கள் முன் வாசித்து, கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கேட்டார். கணக்கில் பிழை இருந்தது உண்மை. அதனால் அவருடைய 25 ஆண்டுக் குருத்துவமே பிழை என்று ஆகிவிடவில்லை. ஆனால் அன்று இரவு தனியாகப் படுத்திருந்தவருக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது.

அன்பார்ந்தவர்களே, சோர்ந்துபோன தம் பணியாளரைக் கடவுள் எப்படி நடத்துகிறார் என்று விவிலியத்தில் பார்ப்போம். அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா வருகிறார். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவர். அரசி ஈசபேல் விடுத்த ஒரே ஒரு மிரட்டலில் அவருடைய துணிவெல்லாம் போய்விடுகிறது. கூட வந்த பணியாளைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டு, தனியாகப் பாலைநிலத்துக்குள் ஒருநாள் வழி நடக்கிறார். ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கவனிப்போம்: தம் மூதாதையரைவிடத் தாம் மேலானவர் இல்லையாம். மற்றவரோடு தம்மை ஒப்பிட்டுத் தாம் எதற்கும் உதவாதவர் என்று முடிவு கட்டும் பழக்கம், கைப்பேசி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

கடவுள் அவரைத் திட்டவில்லை. உனக்கு நம்பிக்கை போதாது என்று அறிவுரையும் சொல்லவில்லை. தூங்கவிடுகிறார். வானதூதரை அனுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கச் சொல்கிறார். மறுபடியும் தூங்கவிடுகிறார். மறுபடியும் சாப்பாடு. ஓரேபு மலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பேச்சு. அதையும் ஒரு கேள்வியாகத்தான் தொடங்குகிறார்: இங்கே நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்கிறார். எலியா தம் குறையையெல்லாம் கொட்டுகிறார். காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்து, மெல்லிய ஒலி கேட்கிறது. கடவுள் அதே கேள்வியை மீண்டும் கேட்கிறார். எலியாவும் அதே குறையை, ஒரு சொல் மாறாமல், மீண்டும் சொல்கிறார். நாமாக இருந்தால், அதைத்தான் அப்போதே சொன்னாயே என்றிருப்போம். கடவுள் இரண்டு முறையும் முழுவதும் கேட்கிறார். அதற்குப் பிறகே புதிய பணியைக் கொடுக்கிறார். கூடவே எலிசா என்ற துணையையும் கொடுக்கிறார். நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று புலம்பியவரிடம், பாகாலுக்கு மண்டியிடாதவர்கள் இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்.

உணவு, தூக்கம், கேள்வி, துணை, பணி. கடவுள் கடைப்பிடித்த வரிசை இதுதான். நாம் பெரும்பாலும் அறிவுரையில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறோம்.

தொலைவில் இருக்கிற நண்பர்களால் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கலாம். நம் கடற்கரையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்குச் சரளமாக வரவில்லை. பலருக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதையும், செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் அடைத்துப்போவதையும் 1544 ஜனவரியில் உரோமையிலிருந்த தோழர்களுக்கு எழுதினார். அதே ஆண்டில் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று ஊர் ஊராக அலைந்துகொண்டே, கடற்கரையின் வேறோர் ஊரில் பணியாற்றிய பிரான்சிஸ்கு மான்சிலாஸ் என்ற உடன்பணியாளருக்குச் சிறுசிறு மடல்கள் பல எழுதினார். மான்சிலாசுக்கு அந்த வேலை எளிதாக இல்லை. மக்களிடம் பொறுமையாக இரு, அன்பாக நடந்துகொள் என்று சவேரியார் அவருக்கு மறுபடி மறுபடி சொல்லவேண்டியிருந்தது. அறிவுரையோடு நிற்கவில்லை. அங்கே என்ன நடக்கிறது, எனக்கு எழுது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதிகாரிகளின் அநியாயத்தைக் கண்டு தாம் மனம் நொந்ததையும் அவரிடம் மறைக்கவில்லை.

இன்னொன்றும் செய்தார். 1546 மே மாதம் அம்பொய்னா தீவிலிருந்து ஐரோப்பாவிலிருந்த தோழர்களுக்கு எழுதும்போது அதைத் தெரிவிக்கிறார். அவர்கள் எழுதிய மடல்களிலிருந்து, அவர்கள் கைப்படப் போட்ட பெயர்களை வெட்டியெடுத்து, தம் துறவற வாக்குறுதியின் வாசகத்தோடு சேர்த்து எப்போதும் தம்மிடம் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு மடலுக்குப் பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அவ்வளவு தொலைவிலும் நண்பர்களின் பெயர்கள் அந்தத் தனி மனிதரைத் தாங்கின. நம் கைப்பேசியிலும் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் எத்தனை பெயரை நாம் நெஞ்சில் வைத்திருக்கிறோம்?

ஆகவே, இந்தத் தொழிலாளர் நாளில் நாம் நடைமுறையில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

மனம் நொந்து எழுதுகிறவர்களாக நாம் இருந்தால், எழுதுவதில் தவறில்லை. மோசே கடவுளிடமே, இந்த மக்களை என்னால் தனியாகச் சுமக்க முடியாது என்று முறையிட்டார். எண்ணிக்கை நூல் 11ஆம் அதிகாரத்தில் அதைப் பார்க்கிறோம். கடவுள் கோபிக்கவில்லை, சுமையைப் பங்கிட 70 மூப்பர்களைக் கொடுத்தார். ஆனால் மோசேயின் முறையீடு வேறு, பாலைநிலத்தில் மக்கள் முறுமுறுத்தது வேறு. முறையிடுகிறவர் உதவி தேடுகிறார். முறுமுறுக்கிறவர் யாரையாவது குற்றவாளியாக்கத் தேடுகிறார். நமக்கு நடந்ததைச் சொல்வோம். உடன் வேலை செய்பவரின் பெயரைக் கெடுக்க வேண்டாம். அலுவலக இரகசியங்களையும், நோயாளிகளின், மாணவர்களின் விவரங்களையும் குழுவில் போட வேண்டாம். நாற்பது பேருக்கு இரண்டு வரி எழுதுவதைவிட, நம்பிக்கைக்குரிய ஒருவரை அழைத்து முழுவதும் சொல்வது நல்லது. தூங்குமுன் அதையே ஆண்டவரிடமும் சொல்வோம். அழகான வார்த்தை தேட வேண்டாம். நண்பருக்கு எழுதிய அதே வார்த்தையே போதும். திருப்பாடல்கள் பலவும் இப்படிப்பட்ட புலம்பல்கள்தான்.

படிக்கிறவர்களாக நாம் இருந்தால், முதலில் என்ன நடந்தது என்று கேட்போம். எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் செய்ததும் இதுதான். நடந்தது அனைத்தும் அவருக்கு நடந்ததே. ஆனாலும் தெரியாதவர்போல் கேட்டு, அந்த இரு சீடர்களும் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கூடவே நடந்தார். நண்பர் தம் கதையைச் சொல்லும்போது நம் கதையை ஆரம்பிக்க வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வானதூதரே அந்த வேலையைச் செய்திருக்கிறார். ஜெபிக்கிறேன் என்று எழுதினால் உண்மையிலேயே ஜெபிப்போம். பிறகு அழைப்போம். அருகில் இருந்தால் போய்ப் பார்ப்போம்.

சில நேரம் ஆறுதல் மட்டும் போதாது. அநியாயமாகக் கூலியைப் பிடித்தால், ஓய்வில்லாமல் வேலை வாங்கினால், பொறுத்துக்கொள் என்று சொல்வது கிறிஸ்தவ அறிவுரை ஆகாது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட சுற்றுமடல் முதல், நியாயமான கூலியும் ஓய்வும் தொழிலாளரின் உரிமை என்றே திருஅவை கற்பித்து வருகிறது. பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் அதை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே போகிறவர்களுக்கு நாம் துணையாகப் போவோம். யாராவது வாழவே பிடிக்கவில்லை என்று எழுதினால், விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். உடனே அழைப்போம், தனியாக விடாமல் இருப்போம், மருத்துவ உதவி தேடுவோம். டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் பேசலாம். இந்த இரண்டு எண்களையும் இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்வோம்.

எங்கள் தோழர் இன்றும் அதே பங்கில்தான் இருக்கிறார். கெபி எதுவும் புதிதாகக் கட்டவில்லை. கேள்வி கேட்ட இளைஞர் இன்னும் முழுச் சமாதானம் அடையவில்லை. ஆனால் கணக்கு நோட்டை இப்போது அவரும் சேர்ந்துதான் சரிபார்க்கிறார். எங்கள் குழுவிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. யாராவது இரவில் சோர்வாக எழுதினால் கைகூப்பும் படம் வருவது குறைந்துவிட்டது. அதற்குப் பதில், இப்போது கூப்பிடலாமா என்று ஒரு கேள்வி வருகிறது. எல்லா முறையும் வருகிறது என்று சொல்ல மாட்டோம். சில இரவுகளில் நாங்களும் களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறோம்.

சூசையப்பர் பேசியதாக நற்செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் மரியாவுக்கும் குழந்தைக்கும் ஆபத்து என்று அறிந்த இரவிலேயே எழுந்து அவர்களோடு எகிப்துக்கு நடந்தார். அந்த மனத்தை நமக்கும் கேட்டு மன்றாடுவோம்.

உழைப்பாளரான ஆண்டவரே, தச்சர் மகன் என்ற ஏளனச் சொல்லை நீர் அறிவீர். இன்று வேலை இடத்தில் அவமானப்பட்டு, தங்களையே சந்தேகித்துக்கொண்டு தூக்கமில்லாமல் படுத்திருக்கும் எல்லாரையும் உம்மிடம் ஒப்படைக்கிறோம். அவர்களுக்கு உணவும் உறக்கமும் நல்ல துணையும் தந்தருளும். கைப்பேசியில் வரும் இரண்டு வரியில் உள்ள அழுகையைக் கேட்கும் காதை எங்களுக்குத் தாரும். எழுந்து போகும் கால்களையும் தாரும். புனித சூசையப்பரின் பரிந்துரையால் இதை எங்களுக்கு அருள்வீராக. ஆமென்.